போர்டில் ஒட்டிய முகம்

பொத்தேரியில் ஒரு கல்லூரி. அங்கே படமெடுப்பதில் ஆர்வமுள்ள மாணவர்கள் கூடி, மாதம் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்கிறார்கள். சென்ற மாதம் என்னை அழைத்திருந்தார்கள். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இரண்டு வருடமாக எடுத்துவரும் படங்களைத் திரையில் போட்டுக் காட்டினேன். பவர் பிரஸ்ஸில் நசுங்கி நுனி போன விரல். காதுக்குக் கீழே அவரை விதை அளவில் ஒரு மச்சம். வெல்டிங் பொறி தெறித்துத் தெறித்துக் கழுத்தில் விழுந்த வெள்ளைப் புள்ளிகள். முகங்களும் உண்டு. எந்தப் படத்திலும் எதையும் நான் துடைக்கவில்லை, கூட்டவில்லை, வெளுப்பாக்கவில்லை.

படமெடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன். "உங்கள ஒரு நாள் யாராவது அடையாளம் காட்டணும்னா எதை வெச்சுக் காட்டுவாங்க?" சிலர் உடனே சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுவார்கள். சிலருக்குக் கோபம் வரும். லேத்தில் வேலை செய்கிற ஒருவர் சிரித்துவிட்டார். "வாசனைய வெச்சு சார். கட்டிங் ஆயில் வாசனை. நாலு வாட்டி சோப்பு போட்டாலும் போவாது. அத புடிப்பியா உன் கேமராவுல?"

இதையெல்லாம் சொன்னேன். மாணவர்கள் நன்றாகக் கேட்டார்கள். கடைசியில் ஒரு பெண் எழுந்து, "சார், உங்களோட இன்ஃப்ளூயன்ஸ் யார் யார்?" என்றாள். வெளிநாட்டுப் பெயர்கள் நாலைந்து தெரியும். அவர்கள் படங்களைத் தாமதமாகத்தான் பார்த்தேன். "வெளிச்சம்தான் எனக்கு எல்லாம்" என்று சொல்லி வைத்தேன். அந்தப் பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது ரயிலில் அதுதான் உறுத்தியது. சொன்னது பொய். பொய்யை ஒரு பெண் அக்கறையாக எழுதிக்கொண்டு போகிறாள். உண்மையான பதில் கொஞ்சம் நீளம். அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா திரிசூலம் பக்கம் கல்குவாரியில் வேலை பார்த்தவர். அம்மாவும் அங்கேதான் ஜல்லி சுமந்தார். பத்தாம் வகுப்பில் சான்றிதழுக்காக அங்க அடையாளம் எழுதினார்கள். வாத்தியார் என் சட்டைக் காலரை விலக்கிப் பார்த்து, "வலது தோள்ல ஒண்ணு இருக்கு. இன்னொண்ணு எங்கடா?" என்று ஆடு மாடு பார்ப்பதுபோலத் தேடினார். கடைசியில் முழங்கையில் அகப்பட்டது. சான்றிதழ் வந்ததும் அப்பா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மார்க்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மச்சத்தை மட்டும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். "அப்ப உன்ன எங்க கொண்டு போட்டாலும் கண்டுபுடிச்சிருவாங்க" என்றார். அவருக்கு அப்படி எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

பன்னிரண்டாவது முடித்ததும் மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். முதலாளியை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்துகொண்டிருந்த சமயம். பாய் நல்ல போட்டோகிராபர்; ஆனால் மௌஸைப் பிடித்தால் அம்பு திரையை விட்டே ஓடிவிடும். "நீ படிச்ச பையன். நீயே உக்காரு" என்று கம்ப்யூட்டரை என்னிடம் விட்டார். எங்கள் வம்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆளும் நான்தான்.

நான் கற்ற முதல் சட்டம் இதுதான்: மூக்குத்தியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் துடை. பெண் பார்க்க அனுப்பும் படத்தில் மச்சம் இருக்கக்கூடாது, பரு இருக்கக்கூடாது, அம்மைத் தழும்பு இருக்கவே கூடாது. "கொஞ்சம் கலரா குடுங்க" என்பார்கள். கலர் என்றால் சிவப்பு என்று அர்த்தம். நான் நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் கோட்டை மௌஸால் நகர்த்துவேன். கறுப்பாக உட்கார்ந்திருக்கும் பெண் திரையில் வெளுப்பாள். அம்மாக்காரி பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம்" என்பார்.

இரண்டாவது சட்டம் சாவு வீட்டுக்கானது. உயிரோடு இருக்கும்போது ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாதவர்கள் அப்போது நிறைய இருந்தார்கள். செத்த பிறகு எங்களைக் கூப்பிடுவார்கள். நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்த உடம்பைப் படமெடுத்துவந்து, கடையில் வைத்துக் கண்ணைத் திறந்துவிடுவோம். இதற்காகவே கம்ப்யூட்டரில் 'கண்கள்' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தோம். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவர்களின் கண்களை வெட்டி அதில் சேர்த்துவைப்பேன். ஆண், பெண், வயசானவர் என்று தனித்தனியாக. யாரிடமும் கேட்டதில்லை. சாவு வீட்டுக்காரர்கள் அந்தப் படத்தை நெஞ்சோடு அணைத்து, "அப்படியே பாக்கறாரே" என்று அழுவார்கள். அவர்களைப் பார்ப்பது வேறு யாரோ என்பது பாய்க்கும் எனக்கும் மட்டும் தெரியும். இன்று எழுதும்போது கூசுகிறது. அன்று கூசவில்லை. ஆறுதல் கொடுக்கிறேன் என்று நினைத்தேன். கலை என்றும் நினைத்தேன்.

ரயில்வே லைனில் அடிபட்டுச் செத்தவர்களைப் படமெடுக்கப் போலீசார் எங்களைப் போன்ற பக்கத்துக் கடைக்காரர்களைத்தான் கூப்பிடுவார்கள். பாய்க்கு முடியாதபோது நான் போவேன். ஓர் ஐப்பசி மாதம், விடிய விடியப் பெய்த மழை விட்டிருந்த காலை, இரும்புலியூர் பக்கம் போனேன். ஓய்வு பெற ஓராண்டு இருந்த ஒரு ஏட்டு குடை பிடித்துக்கொண்டு நின்றார். அடி பின்மண்டையில். முகம் முழுசாக இருந்தது. வீங்கி, சேறும் ரத்தமுமாக. இடது புருவம் நடுவில் பிளந்திருந்தது. முகத்தை ஒன்று, முழு உடம்பை இரண்டு, சட்டையை ஒன்று எடுத்தேன். "கையில பச்ச எதுனா குத்திகீறானா பாரு" என்றார் ஏட்டு. வலது கையைத் திருப்பி வைத்து ஒன்று எடுத்தேன். பச்சை இல்லை.

"தம்பி, இத ரயில்வே ஸ்டேஷன் போர்டுல ஒட்டணும்" என்றார் ஏட்டு. "போன தடவ நீங்க குடுத்த படத்தப் பாத்துட்டு ஒரு பொம்பள பிளாட்பாரத்துலயே மயக்கம் போட்டு வுழுந்துருச்சு. கொஞ்சம் பாக்கற மாரி பண்ணிக் குடு, இன்னா?"

மதியம் உட்கார்ந்து பண்ணினேன். ரத்தத்தையும் சேற்றையும் துடைத்தேன். வீக்கத்தைக் குறைத்தேன். முடியைப் படியவைத்தேன். பிளந்த புருவத்தை ஒட்டவைத்தேன். ரயில் அடித்த அடியில் பிளந்தது என்றே நினைத்தேன், அதைச் சுற்றித்தானே ரத்தம் உறைந்திருந்தது. பிறகு ஃபோல்டரைத் திறந்து, பாஸ்போர்ட்டுக்கு வந்த ஓர் ஓய்வுபெற்ற அதிகாரியின் கண்களை எடுத்து வைத்தேன். அளவு கச்சிதமாகப் பொருந்தியது. கடைசியாக, யாரும் கேட்காமலேயே, கைப்பழக்கத்தில் கோட்டை நகர்த்திக் கொஞ்சம் கலராக்கினேன்.

அந்தப் படத்தின் மேலேயே சேமித்துவிட்டேன். நகல் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. கடையில் இருந்தது ஒரே ஒரு மெமரி கார்டு. அன்று சாயங்காலமே சேலையூரில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா, அதற்காகக் கார்டை அழித்துவிட்டேன். போலீஸ் ஃபைலுக்குப் போன முகமும் நான் செய்த முகம்தான்.

ஏட்டு படத்தை வாங்கிப் பார்த்து, "யோவ், உயிரோட கீறான்யா!" என்றார். கூட இருந்த கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. வீட்டில் அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

யாரும் வரவில்லை. பிணவறையில் வைத்திருக்கவேண்டிய நாட்கள் வைத்திருந்து, ஆள் தெரியாத பிணம் என்று புதைத்துவிட்டார்கள். படம் மட்டும் ஸ்டேஷன் போர்டிலேயே இருந்தது.

ஒரு மாதம் கழித்து ஒரு பெண் கடைப்படி ஏறி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் பிளாஸ்டிக் கவரில் ஒரு கல்யாண போட்டோ.

"காணோம்னு நோட்டீஸ் அடிக்கணும்பா. இங்க அடிப்பீங்களா?"

"அடிக்கலாம்கா. யாரைக் காணோம்?"

"வூட்டுக்காரரு. இதுல மூணாவதா நிக்கிறாரே, கட்டம் போட்ட சட்டை. அவருதான்."

படத்தில் பதினைந்து பேர் நின்றார்கள். அவர் முகம் ஒரு பட்டாணி அளவு. ஃபிளாஷ் அடித்த நேரத்தில் கண்ணை வேறு மூடியிருந்தார்.

"எத்தனை நாளாச்சு?"

"எப்பன்னு சொல்றது? வெல்டரு. திருமுடிவாக்கத்துல ஒரு கம்பெனில இருந்தாரு. அப்பப்ப அவுட்டோர் வேலைன்னு ஷெட்டு போடப் போய்டுவாரு. பத்து நாளு, இருவது நாளு. முடிச்சிகினு வந்துருவாரு. அப்டித்தான் போனாரு. இப்ப மேஸ்திரிய கேட்டா, அவன் வேலைக்கே வர்லியேன்றான்."

"போலீஸ்ல சொன்னீங்களா? ரயில்வே ஸ்டேஷன்லகூட போர்டு இருக்கும், படமெல்லாம் ஒட்டி."

"அத தெனம் பாத்துகினுதான கீறேன். பொத்தேரில காலேஜுல கூட்டற வேலை எனக்கு. ரயிலுக்கு நிக்கிற எடத்துலயே கீது அந்த போர்டு. ஒரே ஒருத்தன் போட்டோதான் கீது. செவப்பா, ஆபீசர் மாரி. பாவம், யாரு பெத்த புள்ளையோ."

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதைக் கேட்டதும் முதலில் எனக்குப் பெருமைதான் வந்தது. அது நான் செய்த படம்தான் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கல்யாணப் படத்தை வைத்திருந்த ஸ்கேனர் ஓடி முடித்தது. பட்டாணி அளவு முகத்தைத் திரையில் பெரிதாக்கினேன். இடது புருவத்தின் குறுக்கே ஒரு கோடு. மயிரில்லாத, பழைய கோடு.

"இது என்னக்கா, புருவத்துல?"

"அதுவா? கிரைண்டிங் வீலு ஒடஞ்சி தெறிச்சது. எங்க கல்யாணத்துக்கு மின்னாடியே. அது இல்லன்னா அவரு மூஞ்சே இல்ல. நோட்டீஸ்ல அது நல்லா தெரியணும், இன்னா?"

"தெரியும்கா" என்றேன்.

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். அவர் என் எதிரில், ஸ்டூலின் ஓரத்தில், பாதி உட்கார்ந்தபடி இருந்தார். சொல்லவில்லை. நாளைக்கு வாங்க என்று அனுப்பினேன். மறுநாள் நோட்டீஸ் தயாராக இருந்தது. புருவக் கோட்டைக் கூர்மையாக்கியிருந்தேன். கீழே, 'அங்க அடையாளம்: இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு' என்று கொட்டை எழுத்தில் அடித்திருந்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்துக் காட்டினேன். "கரீட்டு" என்று தலையாட்டி, நோட்டீஸ் கட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த நான்கு நாளும் நான் போகிற இடமெல்லாம் அந்த நோட்டீஸ் இருந்தது. பஸ் ஸ்டாண்டு தூணில், சுரங்கப்பாதைச் சுவரில், ஜி.எஸ்.டி. ரோட்டில் டீக்கடைப் பலகையில். ஒருநாள் மாலை பசை வாளியோடு அவரே நடந்து போவதைப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் ஒதுங்கிக்கொண்டேன்.

நான்காம் நாள் பாயிடம் சொன்னேன். மதியத் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் தொப்பியைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

"நாலு நாளாவா?"

"ஆமா பாய்."

"அந்தம்மா ஒட்டிக்கிட்டுத் திரியறத பாத்தியா?"

"பாத்தேன்."

"கண்ணைத் திறக்கறது என் கடை வழக்கம். அது என்மேலதான். ஆனா இந்த நோட்டீஸ் இருக்கு பாரு, அது உன்னோடது" என்றார். பிறகு, "தொழுதுட்டு வந்துடறேன். ரெண்டு பேரும் போவோம்" என்றார்.

இரும்புலியூரில் ஆஸ்பெஸ்டாஸ் அட்டை போட்ட ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அந்த அக்கா வீட்டில் இருந்தார். வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஈரக் கையோடு எழுந்து ஓடிவந்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"இன்னாபா, ஆளு கெடச்சாரா? நோட்டீஸ பாத்து யார்னா சொன்னாங்களா?"

நான் எதை முதலில் சொல்வதென்று நூறு தடவை யோசித்துவைத்திருந்தேன். எல்லாம் மாறிப்போயிற்று. "அக்கா, ஸ்டேஷன் போர்டுல ஒரு படம் இருக்கில்ல, அத எடுத்தது நான்தான்" என்று ஆரம்பித்தேன்.

"அதுக்கு இன்னா இப்ப?"

"அது அவருதான்கா."

அவர் பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போப்பா" என்றார். "லீவு நாள்ல வந்து பேஜார் பண்ணிகினு. என் புருசன எனக்குத் தெரியாதா?"

பாய் சொன்னார், "அம்மா, ஒரு தடவை எங்ககூட ஸ்டேஷனுக்கு வாங்க." அவர் கோபமாகத்தான் வந்தார். வழிநெடுக நான் பின்னால் நடந்தேன். எங்களுக்கு முன்னால் அவர் விறுவிறுவென்று, பொய்யென்று காட்டிவிட்டுத் திரும்புகிற அவசரத்தில் நடந்தார்.

போர்டில் என் படம் இருந்தது. மழைச்சாரல் பட்டு ஓரம் வெளுத்திருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தள்ளி, அவர் ஒட்டிய நோட்டீஸ். ஒரே ஆள் இரண்டு தடவை. எடுத்துச் சொன்னாலும் எவனும் நம்பமாட்டான்.

"பாரு" என்றார் அவர். "நல்லா பாரு. இவன் கலரு இன்னா, அவரு கலரு இன்னா? புருவத்துல வெட்டு எங்க? கண்ண பாருய்யா, இது அவரு கண்ணா?"

"அது அவரு கண்ணு இல்லக்கா."

"அதத்தான நானும் சொல்றேன்!"

ரயிலுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மனிதன் செத்துவிட்டான் என்று அவன் மனைவியோடு நான் வாதாட வேண்டியிருந்தது. அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. கலரை மாற்றியது நான், வெட்டை மூடியது நான், கண்ணை வைத்தது நான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகத்தில் கோபம் ஏறியதே தவிர நம்பிக்கை வரவில்லை. யாரோ இரண்டு பேர் வந்து தன் புருஷனைச் சாகடிக்கப் பார்க்கிறார்கள் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

கடையிலிருந்து மிச்சப் படங்களைப் பிரிண்ட் போட்டு எடுத்துவந்திருந்தேன். உடம்புப் படங்களைக் காட்ட மனம் வரவில்லை. அவற்றில் முகம் தூரத்தில், நகம் அளவுக்குத்தான் இருந்தது. கைப் படத்தை எடுத்து நீட்டினேன். பச்சை குத்தவில்லை என்பதால் யாருக்கும் வேண்டாமல் போன படம். அதனால் நான் அதில் கை வைத்திருக்கவில்லை.

முதலில் வாங்கவில்லை. நீட்டியபடியே நின்றேன். வலது கை, ஈரச் சரளைக்கல்லின் மேல், உள்ளங்கை கவிழ்ந்து. மணிக்கட்டில் வெள்ளைப் புள்ளிகள். கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்து, பிளந்தபடியே வளர்ந்திருந்தது.

அவர் வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். தன் கையை அந்தக் கையின் மேல் பொத்தி வைத்தார்.

"இந்த நகத்த நான்தான் வெட்டி வுடுவேன்" என்றார். "எடது கையால வெட்ட அவருக்கு வராது."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. படத்தைப் பாயிடம் கொடுத்துவிட்டு, போர்டில் தான் ஒட்டிய நோட்டீஸை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். பசை நன்றாகப் பிடித்திருந்தது. துண்டு துண்டாகத்தான் வந்தது. நானும் கூடச் சுரண்டப் போனேன். "நீ தொடாத" என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். செங்கல்பட்டு வண்டி வந்து நின்று, ஆட்கள் இறங்கி ஏறி, வண்டி போன பிறகும் சுரண்டிக்கொண்டிருந்தார்.

ஏட்டு மனிதர் நல்லவர். சட்டையையும் ஒரு சின்னத் துணிப்பையையும் எடுத்துக் காட்டினார். சட்டையையும் அவர் அடையாளம் சொன்னார். புதைத்த இடத்துக்கு ஏட்டே கூட வந்தார். அந்த மாதம் ஆள் தெரியாமல் போனவர்கள் நான்கைந்து பேரை ஒரே பக்கமாகப் புதைத்திருந்தார்கள். மழையில் மண் இறங்கிச் சமமாகிவிட்டிருந்தது. சுடுகாட்டில் வேலை செய்கிறவர் கையை அகல விரித்து, "இங்கேர்ந்து அந்த முள்வேலி வரைக்கும்மா" என்றார். அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை. அக்கா ஒரு பாக்கெட் பால் வாங்கி வந்திருந்தார். எங்கே ஊற்றுவதென்று கொஞ்சநேரம் நின்று பார்த்தார். பிறகு ஓரத்திலிருந்து தெளித்துக்கொண்டே நடந்தார். வேலிக்குப் போவதற்குள் பால் தீர்ந்துவிட்டது.

சேதி தெரிந்த நாளிலிருந்து எண்ணிப் பதினாறாம் நாள் காரியம் வைத்தார்கள். அதற்கு முந்தின நாள் கடைக்கு வந்தார். அவர் இனி என் முகத்தில் விழிக்கமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"மாட்டறதுக்குப் படம் வேணும்" என்றார். "மாலை போடணுமில்ல."

கல்யாணப் படத்தைச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினேன். முகம் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. வேறு படம் அவரிடம் இல்லை. "அப்ப போர்டுல வெச்சியே, அத தொற" என்றார். திறந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"கலர கொற."

குறைத்தேன்.

"இன்னும்."

அந்த ஸ்டுடியோவில் அதுவரை யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கோட்டை எதிர்ப்பக்கம் நகர்த்தினேன். "இன்னும். வெயில்ல வேல செய்றவருப்பா அவரு." ஒரு கட்டத்தில், "நிறுத்து. இவ்ளோதான்" என்றார். பிறகு புருவம். கல்யாணப் படத்தைப் பார்த்துக் கோட்டை வரைந்தேன். "கொஞ்சம் மேல. இல்ல, சாஞ்சாப்ல. தோ, அப்டி." முகம் மெல்ல வேறு ஆளாக ஆகிக்கொண்டே வந்தது. சரிசெய்துவிடலாம் என்று அந்தக் கொஞ்ச நேரம் நம்பினேன்.

"இப்ப அந்தக் கண்ண எடு" என்றார்.

"எடுத்தா அங்க ஒண்ணும் இருக்காதுக்கா. வேற கண்ணு..."

"யாரு கண்ணும் வாணாம். மூடிடு. எப்டி இருந்தாரோ அப்டியே வெச்சிடு."

மூடுவதற்கு அவருடைய இமை வேண்டும். அதைத்தான் நான் அழித்திருந்தேன். கையால் வரையத் தொடங்கினேன். ஒரு கண்ணை மூடியதும் நிறுத்தச் சொன்னார்.

"நீதான கடைசியா அவர கிட்ட பாத்தது?"

"ஆமாக்கா."

"மூஞ்சி எப்டி இருந்துச்சு?"

"தூங்கற மாதிரி இருந்துச்சுக்கா" என்றேன். எல்லாச் சாவு வீட்டிலும் சொல்வது. யோசிக்காமல் வந்துவிட்டது.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, "அவரு தூங்குனா வாய் தொறந்துதாம்பா இருக்கும்" என்றார். "தொறந்துருந்துச்சா?"

தேடினேன். அன்றைய காலை முழுக்கத் தேடினேன். சரளைக்கல் ஈரமாக இருந்தது, ஏட்டின் குடையில் ஒரு கம்பி உடைந்திருந்தது, வெளிச்சம் போதாமல் ஃபிளாஷ் போட்டேன், லென்ஸைத் துடைக்கச் சட்டை நுனியை எடுத்தேன். எல்லாம் ஞாபகம் வந்தது. மூன்றடித் தூரத்தில் குனிந்து நின்று பார்த்த முகத்தில் வாய் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்று ஞாபகம் இல்லை. திரையில் உதடு சேர்ந்திருந்தது. அது தானாகச் சேர்ந்திருந்ததா, நான் சேர்த்ததா என்றும் தெரியவில்லை.

"தெரியலக்கா" என்றேன்.

அவர் எழுந்தார். "அப்ப வாணாம். வுட்டுடு" என்றார். கைப் படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். புடவைத் தலைப்பில் துடைத்து, ரேஷன் கார்டு வைத்திருந்த கவருக்குள் அதைச் செருகிக்கொண்டு படியிறங்கினார்.

மறுநாள் பாயும் நானும் காரியத்துக்குப் போனோம். வாசலிலேயே நின்றோம். உள்ளே சுவரில் படம் மாட்டுவதற்கு முன்கூட்டியே ஆணி அடித்துவைத்திருந்தார்கள். மாலையை அந்த ஆணியில் மாட்டியிருந்தார்கள்.